நேஷனலிட்டி பெட்டியில் என்ன எழுதுவது? மாணவர் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில், சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறவர்களுக்காக ஓர் ஆங்கில இலக்கணப் பாடம் வந்திருந்தது. சிறப்புப் பெயர்களிலிருந்து பிறக்கும் பெயரடைகள், அதாவது ‘புரொப்பர் அட்ஜெக்டிவ்’ பற்றிய பாடம். அதில் பிழை என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் உதாரணங்களைப் பார்த்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. எலிசபெத்தன் நாடகம், ஐஸ்லாண்டிக் மொழி, நோர்வீஜியன் மீன் என்று போகிறது அட்டவணை. எங்கள் பிள்ளைகள் அடிக்கடி எழுத வேண்டிவருகிற ஒரு சொல்கூட அதில் இல்லை. முதல் வரியில் இருந்திருக்க வேண்டிய ‘ஸ்ரீலங்கன்’ எங்கேயும் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான்; முழுவதையும் போட இடமில்லாவிட்டால், பாடம் எழுதுகிறவரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

நான் தலவாக்கலையில் ஒரு சின்ன கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, டைப்செட்டிங், லெமினேட்டிங், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து கொடுக்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம். ஓ.எல். (சாதாரண தரம்) முடித்துக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறவர்கள், ஏ.எல். (உயர்தரம்) முடித்து ஹோட்டல் பயிற்சிக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள், பாஸ்போர்ட் எடுத்து மத்திய கிழக்குக்குப் போகப் பார்க்கிற அக்காமார், நுவரெலியா பக்கம் வெளிநாட்டுக்காரருக்கு அறை விடுகிற குடும்பங்கள். எல்லோருக்கும் ஏதோ ஓர் ஆங்கிலக் கடதாசி தேவைப்படுகிறது. அந்தக் கடதாசியில் தவறாமல் வருகிற பெட்டி ‘நேஷனலிட்டி’.

அந்தப் பெட்டிக்கு எதிரே பலர் ‘ஸ்ரீலங்கா’ என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். நாட்டின் பெயரைக் கேட்கிறார்கள், நாட்டின் பெயரை எழுதுகிறோம், இதில் என்ன பிழை என்று அவர்களுக்குத் தோன்றுவது நியாயம்தான். ‘கன்ட்ரி’ என்று கேட்டிருந்தால் ஸ்ரீலங்கா சரி. நேஷனலிட்டி கேட்பது வேறு. இவர் எந்த நாட்டவர் என்பது அங்கே கேள்வி. அதற்குப் பெயரடைதான் விடை: ஸ்ரீலங்கன். நம்முடைய பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தாலே அந்த இடத்தில் ஸ்ரீலங்கன் என்றுதான் அச்சடித்திருப்பார்கள். வருகிற பிள்ளைகளுக்கு நான் அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் விளக்குகிறேன். ஒரு தடவை பார்த்தவர்கள் பிறகு மறப்பதில்லை.

அடுத்தது, அதே சொல்லை எப்படி எழுதுவது என்பது. இரண்டு சொல்லாகப் பிரித்து, எஸ், எல் இரண்டையும் கெப்பிட்டல் எழுத்தில் போட வேண்டும். பிள்ளைகள் ஒரே சொல்லாகச் சேர்த்து, முழுவதையும் சிம்பிள் எழுத்தில், அதாவது சிறிய எழுத்தில், எழுதிவிடுகிறார்கள். சேர்த்து எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நமது விமான சேவை தன் பெயரைச் சேர்த்துத்தான் எழுதுகிறது. அது ஒரு நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொண்ட பெயர்; அந்த உரிமை அதற்கு உண்டு. மற்ற எல்லா இடத்திலும் பிரித்தே எழுத வேண்டும் என்று யாராவது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

கெப்பிட்டல் விஷயத்தில் பிள்ளைகள் தடுமாறுவது சோம்பேறித்தனத்தால் அல்ல. தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்று இரண்டு வகை கிடையாது. சிங்களத்திலும் கிடையாது. வீட்டிலும் தெருவிலும் பஸ் போர்டிலும் பார்த்துப் பழகாத ஒன்றை ஆங்கிலப் பாட நேரத்தில் மட்டும் நினைவு வைத்துக்கொள் என்று சொல்கிறோம். போதாததற்கு இப்போது எல்லாரும் போனில் சிம்பிள் எழுத்திலேயே செய்தி அனுப்பிப் பழகிவிட்டார்கள். ஆகவே, ‘கெப்பிட்டலில் தொடங்க வேண்டும்’ என்ற ஒற்றை வரி போதாது. ஏன் என்று சொன்னால்தான் பிடிபடும்.

காரணம் அப்படி ஒன்றும் கடினமானதல்ல. ‘நாடு’ என்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும். ‘ஸ்ரீலங்கா’ ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்கு உரிய பெயர் என்பதால்தான் அதற்குக் கெப்பிட்டல். அந்தப் பெயரிலிருந்து பிறந்த பெயரடையும் அந்தக் கெப்பிட்டலைக் கூடவே கொண்டுவருகிறது. இதை விளக்க நான் சொல்லிக்கொடுக்கிற சோடி, ‘நேஷனல்’ கொடியும் ‘ஸ்ரீலங்கன்’ கொடியும். நேஷனல் என்பது ‘நேஷன்’ என்ற பொதுப் பெயரிலிருந்து வந்தது, அதற்குச் சிம்பிள் எழுத்து. ஸ்ரீலங்கன் ஒரு தனிப் பெயரிலிருந்து வந்தது, அதற்குக் கெப்பிட்டல். கொடி ஒன்றுதான், எழுதுகிற முறை வேறு. இந்தச் சொல் எந்தப் பெயரின் பிள்ளை என்று கேட்டுப் பார் என்பேன். அதற்கு விடை தெரிந்தால் எழுத்தும் தெரிந்துவிடும்.

இன்னொரு பக்கமும் பிழை வருகிறது. கெப்பிட்டல் போடச் சொன்னால் பின்னால் வருகிற பொதுப் பெயருக்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். ‘ஸ்ரீலங்கன் ஃபூட்’ என்பதில் ஃபூட் என்ற சொல்லுக்குக் கெப்பிட்டல் தேவையில்லை. ‘இங்கிலிஷ் டீச்சர்’ என்பதில் டீச்சர் சிம்பிள் எழுத்து. போர்டிலோ தலைப்பிலோ எழுதும்போது எல்லாவற்றையும் பெரிதாகப் போடலாம், அது அலங்காரம். வாக்கியத்துக்குள் வரும்போது பெயரடைக்கு மட்டும்தான்.

என்னை அதிகம் வருத்துகிற ஒன்றைச் சொல்கிறேன். சுயவிபரக் கோவையில் தெரிந்த மொழிகளை எழுதுகிற இடத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் சிம்பிள் எழுத்தில் எழுதுகிறார்கள். சில பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மட்டும் கெப்பிட்டல் போட்டுவிட்டு, தமிழைச் சிறிய ‘டி’யில் எழுதுகிறார்கள். வேண்டுமென்று செய்வதில்லை, ‘இங்கிலிஷ்’ என்ற சொல்லைப் பாடப் புத்தக அட்டையில் பெரிய எழுத்தில் பார்த்த பழக்கம். ஆனால் வேலை கொடுக்கப் போகிறவர் அந்த வரியைத்தான் முதலில் பார்க்கிறார். தன் சொந்த மொழியின் பெயரை எங்கள் பிள்ளை சரியாக எழுத வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. டைப் செய்யும்போது நானே திருத்திவிட்டுப் போகலாம். அப்படிச் செய்வதில்லை. கூப்பிட்டு, “இங்க பாரு தம்பி, இந்த டி பெருசா வரணும்” என்று சொல்லி, அவர்கள் கையாலேயே மாற்ற வைக்கிறேன்.

சரி, இந்தப் பெயரடை என்ற விஷயம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதிதா என்று கேட்டால், இல்லவே இல்லை. சீனா என்ற பெயரைப் பட்டாசுக்கு முன்னால் வைக்கும்போது ‘சீனா பட்டாசு’ என்று நாம் எழுதுவதில்லை, ‘சீனப் பட்டாசு’ என்கிறோம். இந்தியா, இந்தியப் படம் ஆகிறது. ஜப்பான், ஜப்பானிய வாகனம் ஆகிறது. யாழ்ப்பாணம், யாழ்ப்பாணத்து மாம்பழம். கண்டி, கண்டிய நடனம். இலங்கை மட்டும் மாறாமல் இலங்கைத் தேயிலை. ஒரு பெயர் அடுத்த பெயரைத் தழுவும்போது சிலது வால் முளைத்து மாறும், சிலது தேய்ந்து மாறும், சிலது அப்படியே நிற்கும். இதை எல்லாம் எங்கள் பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறார்கள். ஆங்கிலத்திலும் இதேதான் நடக்கிறது என்று காட்டிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். ஆசிரியர்கள் ஏனோ இந்த வழியால் போவதில்லை. தமிழை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் ஆங்கிலம் படிக்க வேண்டும் என்று ஓர் எண்ணம்.

ஆங்கிலத்தில் அந்த வால்கள் என்னென்ன என்பதை உங்கள் பாடம் சொல்லியிருந்தது. இந்தியன், ஸ்ரீலங்கன் போல ‘அன்’ வருவது, சைனீஸ், ஜப்பனீஸ் போல ‘ஈஸ்’ வருவது, பிரிட்டிஷ், ஸ்கொட்டிஷ் போல ‘இஷ்’ வருவது, பாகிஸ்தானி, பங்களாதேஷி போல ‘இ’ வருவது. பிரெஞ்ச், டச், சுவிஸ், கிரீக் போல எந்த வரிசையிலும் சேராதவை. இதை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பெயருக்கு எந்த வால் என்று கண்டுபிடிக்க விதி கிடையாது, அகராதியைத்தான் பார்க்க வேண்டும் என்பதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். விதி தேடிப் பிள்ளைகள் களைத்துப் போகிறார்கள்.

இதற்கு மலையகத்தைவிட நல்ல உதாரணப் பெட்டகம் எங்கே கிடைக்கும்? எங்கள் தோட்டங்களின் பெயர்களைப் பாருங்கள். லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். அவரைப் போல வந்த துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களை இந்த மலைகளுக்கு வைத்துவிட்டுப் போனார்கள். அக்கரப்பத்தனைப் பக்கம் கிளாஸ்கோ தோட்டம். கினிகத்தேனைப் பக்கம் அபர்டீன் நீர்வீழ்ச்சி. ஆங்கிலத்தில் கிளாஸ்கோ ஊர்க்காரரைச் சொல்லும் பெயரடை ‘கிளஸ்வீஜியன்’. அபர்டீனுக்கு ‘அபர்டோனியன்’. இதை எந்த விதியால் ஊகிக்க முடியும்? தான் பிறந்த தோட்டத்தின் பெயர் ஒரு நகரத்தின் பெயர் என்றும், அந்த நகரத்துக்கு இப்படி ஒரு பெயரடை இருக்கிறது என்றும் தெரிந்துகொண்ட பிள்ளை அந்தப் பாடத்தை மறக்காது. தோட்டத்தைச் சொல்லும்போது கிளாஸ்கோ எஸ்டேட்தான். ஊர்க்காரரைச் சொல்லும்போதுதான் மற்றது.

கண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1815 மார்ச் 2ஆம் திகதி கைச்சாத்தான ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் ‘கண்டியன் கன்வென்ஷன்’ என்கிறார்கள். கண்டியன் நடனம், கண்டியன் சேலை, கண்டியன் சட்டம் எல்லாம் பெயரடை. ஆனால் கண்டிக்குப் போகிற ரயில் ‘கண்டி டிரெய்ன்’. கண்டிப் பிரதேசத்துத் தேயிலை, ஏலத்தில் ‘கண்டி’ என்ற பெயராலேயே அறியப்படுகிறது. இராச்சியத்தோடும் பண்பாட்டோடும் ஒட்டியதற்குக் கண்டியன். ஊரையும் இடத்தையும் மட்டும் காட்டுவதற்குக் கண்டி. பதுளைக்கும் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இப்படி ஒரு பெயரடை ஆங்கிலத்தில் அமையவில்லை. ‘பதுளை டிஸ்ட்ரிக்ட்’, ‘ஹட்டன் டவுன்’ என்று பெயரையே முன்னால் வைத்துவிட வேண்டியதுதான். இல்லாத இடத்தில் வால் ஒட்டக்கூடாது என்பதும் படிக்க வேண்டிய விஷயம்.

நுவரெலியாவுக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் விக்டோரியா பார்க்கைப் பார்க்கிறார்கள். அது ‘விக்டோரியன் பார்க்’ அல்ல. மகாராணியின் பெயரைப் பூங்காவுக்கு வைத்திருக்கிறார்கள், அதனால் பெயர் பெயராகவே நிற்கிறது. அந்தக் காலத்துப் பாணியில் கட்டிய வீட்டைச் சொல்லும்போது ‘விக்டோரியன் ஹவுஸ்’. பக்கத்தில் உள்ள சிவப்புச் செங்கல் தபால் நிலையத்தை ‘டியூடர்’ பாணி என்பார்கள். டியூடர் என்பது ஓர் அரச வம்சத்தின் பெயர். பெயரடையாகும்போதும் அதே உருவம்தான். ஒரு சின்ன நகரத்தைச் சுற்றி வருவதற்குள் மூன்று விதமும் கண்ணில் பட்டுவிடுகிறது.

தேயிலைக்கு வருவோம். ‘சிலோன் டீ’ என்கிறோம், ‘சிலோனீஸ் டீ’ என்பதில்லை. அந்தக் காலத்தில் நம் நாட்டவரைக் குறிக்கச் சிலோனீஸ் என்ற பெயரடை இருந்தது. ஆனால் தேயிலைக்கு முன்னால் நாட்டின் பெயர் அப்படியே போய் உட்கார்ந்தது. ஆங்கிலத்தில் ‘சைனா டீ’, ‘அசாம் டீ’ என்று சொல்கிற பழைய வழக்கும் இதுதான். 1972 மே 22ஆம் திகதி நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா ஆனபோது மனிதர்களைச் சொல்கிற சிலோனீஸ் வழக்கொழிந்து ஸ்ரீலங்கன் வந்தது. தேயிலை மட்டும் இன்றுவரை சிலோன் டீதான். உலகச் சந்தையில் பெயர் எடுத்த பொருள், பெயரை விட முடியாது. இதில் இலக்கணமும் இருக்கிறது, எங்கள் பாட்டன் பூட்டன் உழைப்பும் இருக்கிறது.

தேயிலைச் செடியின் விஞ்ஞானப் பெயர் ‘கமெலியா சினென்சிஸ்’. தேயிலை ஆராய்ச்சி நிலையம் எங்கள் தலவாக்கலை சென் கூம்ஸிலேயே இருப்பதால் இந்தப் பெயரை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிறு வயதிலேயே கேட்டுவிடுகிறார்கள். கமெலியா, கமெல் என்ற இயேசு சபைத் துறவியின் நினைவாக வைத்த பெயர். அவர் தாவரங்களை ஆராய்ந்தவர். சினென்சிஸ் என்றால் லத்தீனில் சீனத்துக்குரியது. அசாம் வகைக்கு ‘அசாமிக்கா’. சீனத்திலிருந்தும் அசாமிலிருந்தும் பிறந்த பெயரடைகள்தான் இவை. இருந்தும் இரண்டையும் சிம்பிள் எழுத்தில்தான் எழுத வேண்டும். தாவரப் பெயரின் இரண்டாவது சொல் எதிலிருந்து வந்தாலும் சிறிய எழுத்து என்பது விஞ்ஞானிகளின் ஒழுங்கு. ஆங்கில வாக்கியத்தில் ‘சைனீஸ்’ என்று எழுதினால் கெப்பிட்டல், செடியின் பெயரில் ‘சினென்சிஸ்’ என்று எழுதினால் சிம்பிள். விஞ்ஞான ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே வாரத்தில் இதைச் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்.

சில பெயரடைகள் நாளாக நாளாகக் கெப்பிட்டலை இழந்துவிடுவதும் உண்டு. பால் பைக்கற்றில் வருகிற ‘பாஸ்சரைஸ்ட்’ என்ற சொல்லுக்குள் லூயி பாஸ்டரின் பெயர் இருக்கிறது. இப்போது அது வாக்கியத்துக்குள் சிம்பிள் எழுத்து. பொரித்த உருளைக்கிழங்கின் ‘பிரெஞ்ச்’ என்ற சொல்லை இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை கெப்பிட்டல் போட்டால் பிழையாகாது. இதற்கு மேல் அந்த விஷயத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

அறை விடுகிறவர்கள் கொண்டுவருகிற விளம்பரங்களில் இன்னொரு தடுமாற்றம். ‘ஸ்ரீலங்கன் டிலிஷியஸ் ஸ்பைசி ஃபூட்’ என்று எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தில் நம் அபிப்பிராயத்தைச் சொல்கிற சொல் முன்னால் வரும், அளவு, வயது, நிறம் எல்லாம் அதற்குப் பிறகு, எந்த நாட்டுடையது என்பது பெயருக்குக் கிட்டத்தில். ‘டிலிஷியஸ் ஸ்பைசி ஸ்ரீலங்கன் ஃபூட்’ என்பதுதான் ஒழுங்கு. வருகிற விருந்தாளிகளைக் குறிப்பிடும்போதும் ‘டூ சைனீசஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். இந்தியன், ஸ்ரீலங்கன், ஜேர்மன் இவற்றோடு ‘எஸ்’ சேர்த்துப் பன்மையாக்கலாம். சைனீஸ், ஜப்பனீஸ் இவற்றோடு சேர்க்க முடியாது. பிரெஞ்சுக்கும் பிரிட்டிஷுக்கும் அப்படித்தான். ‘கெஸ்ட்ஸ்’ என்றோ ‘பீப்பிள்’ என்றோ ஒரு சொல்லைப் பின்னால் போட்டுவிட்டால் எந்தத் தொல்லையும் இல்லை. தமிழ் என்ற சொல் ஆங்கிலத்தில் வால் எதுவும் இல்லாமலே பெயரடையாகவும் நிற்கும், ‘எஸ்’ சேர்ந்து மக்களையும் குறிக்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

ஒரு நாள் ஏ.எல். முடித்த ஒரு பிள்ளை விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். நேஷனலிட்டி பெட்டியில் ஸ்ரீலங்கன் என்று சரியாக எழுதிவிட்டாள். அடுத்து இனத்தைக் கேட்கிற பெட்டி. பிறப்புச் சான்றிதழைப் பார்த்தாள். ‘இந்தியத் தமிழர்’ என்று இருந்தது. “அக்கா, மேல ஸ்ரீலங்கன்னு போட்டுட்டு கீழ இந்தியன்னு போட்டா அப்ப நான் எந்த நாட்டு ஆளு?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு இலக்கணத்திலேயே ஒரு விடை இருக்கிறது. புரொப்பர் அட்ஜெக்டிவ் எல்லா இடத்திலும் ஒரே உறவைச் சொல்வதில்லை. ‘இங்கிலிஷ் டீச்சர்’ என்றால் ஆங்கிலம் படிப்பிக்கிறவராகவும் இருக்கலாம், இங்கிலாந்துக்காரராகவும் இருக்கலாம். இந்து சமுத்திரத்தை ஆங்கிலத்தில் ‘இந்தியன் ஓஷன்’ என்கிறார்கள். அதனால் அந்தச் சமுத்திரம் இந்தியாவுக்குச் சொந்தமாகிவிடவில்லை. காலியிலும் மாத்தறையிலும் அடிக்கிற அலை அதன் அலைதான். குடியுரிமை, பூர்வீகம், மொழி, பாணி, திசை என்று எதையும் அந்த ஒரு சொல் சொல்லக்கூடும். எதைச் சொல்கிறது என்பதைப் பின்னால் வருகிற பெயரும் இடமும்தான் தீர்மானிக்கும்.

கிரிக்கெட்டில் இது அழகாகத் தெரியும். 2019 உலகக் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து அணியின் தலைவர் ஓயின் மோர்கன் டப்ளினில் பிறந்தவர். அவரை ‘இங்கிலாந்து கெப்டன்’ என்றுதான் ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதும்; நாட்டின் பெயரை அப்படியே வைத்தால் அந்த அணிக்குத் தலைவர் என்று பொருள். ‘இங்கிலிஷ் கெப்டன்’ என்றால் அவரே ஆங்கிலேயர் என்ற பொருளும் வந்துவிடும். பெயரா, பெயரடையா என்பதில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் நாட்டுக் குடிசன மதிப்பீட்டு அட்டவணையை ஆங்கிலத்தில் படியுங்கள். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழரை இரண்டு பிரிவாக எழுதத் தொடங்கினார்கள். அந்தப் பிரிவு இன்று வரை ஒட்டிக்கொண்டு வருகிறது. 2012 அறிக்கையில் ஒரு பிரிவு ‘ஸ்ரீலங்கா டமில்’, மற்றது ‘இந்தியன் டமில்’. முதலாவதில் நாட்டின் பெயர் வாலில்லாமல் நிற்கிறது. எங்களுடையதில் மட்டும் பெயரடை. அட்டவணை எழுதியவர்கள் எதையும் நினைத்து அப்படி எழுதியிருக்க மாட்டார்கள், அலுவலகத்தில் வந்த வழக்கு. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கிறவர் எங்களை வேறு நாட்டவர் என்று நினைத்துவிடுகிறார். கொழும்பில் வேலை தேடப் போன பிள்ளைகளிடம் “இந்தியாவா?” என்று கேட்டிருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எங்கள் மக்கள் நாடற்றவர்கள் ஆனதும், 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் குடும்பங்கள் பிரிந்ததும் எல்லாருக்கும் தெரிந்தது. குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு அந்தக் கணக்கு சட்டப்படி முடிந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பில் உள்ள சொற்கள் ‘பேர்சன்ஸ் ஒஃப் இந்தியன் ஒரிஜின்’. இந்தியப் பூர்வீகம் கொண்டவர்கள் என்று தெளிவாகச் சொல்கிறது, இந்தியர் என்று சொல்லவில்லை. ‘ஒரிஜின்’ என்ற ஒரு சொல் கூட நின்றதால் ‘இந்தியன்’ என்பது குடியுரிமையைச் சொல்லாமல் பூர்வீகத்தைச் சொல்கிறது.

அந்தப் பிள்ளைக்கு இவ்வளவையும் எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். மேலே இருப்பது உன் நாடு, கீழே இருப்பது உன் பூட்டி வந்த வழி, இரண்டும் மோதவில்லை என்றேன். பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டிய விண்ணப்பம் என்பதால் அதில் உள்ளபடியே டைப் செய்து கொடுத்தேன். அப்படி ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லாத இடத்தில், சுயவிபரக் கோவையிலோ சங்கத்துக்கு எழுதும் கடிதத்திலோ, எப்படிப் போட விருப்பம் என்று வருகிறவரையே கேட்கிறேன். எங்கள் மக்கள் இந்தியாவிலிருந்து இங்கே வந்து இருநூறு ஆண்டானதைக் குறித்து ‘மலையகம் 200’ நிகழ்ச்சிகள் நடந்த 2023க்குப் பிறகு ‘மலையகத் தமிழர்’ என்றே போடச் சொல்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘மலையக’ என்பதற்கும் கெப்பிட்டல், ‘டமில்’ என்பதற்கும் கெப்பிட்டல். சும்மா மலைநாடு என்ற பொருளில் ‘ஹில் கன்ட்ரி’ என்று எழுதும்போது சிம்பிள் எழுத்து. ஒரு மக்கள் கூட்டத்தின் பெயராக ‘ஹில் கன்ட்ரி டமில்ஸ்’ என்று வரும்போது மூன்றுக்கும் கெப்பிட்டல். பொதுப் பெயர் ஒன்று சிறப்புப் பெயராவதை எங்கள் கண்ணெதிரே பார்க்கிறோம். பாடம் எழுதுகிறவருக்கு இதைவிட உயிருள்ள உதாரணம் வேறு எங்கே கிடைக்கும்?

ஆசிரியர் அவர்களே, இந்தப் பாடத்தை மாணவர் பக்கத்தில் இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் நிரப்பப் போகிற பெட்டிகளிலிருந்து தொடங்கட்டும்: கன்ட்ரி, நேஷனலிட்டி, மொழிகள், இனம். அதற்குப் பிறகு கண்டியன், சிலோன் டீ, விக்டோரியா பார்க். எலிசபெத்தன் கடைசியில் வந்தால் போதும். பயிற்சியில் இரண்டு வகைக் கேள்வி இருக்க வேண்டும்: பெயரடை உள்ள ஊர்ப் பெயர்களும், பெயரடை இல்லாத ஊர்ப் பெயர்களும் கலந்து. ஹட்டனுக்குப் பெயரடை எழுதச் சொன்னால், ‘இல்லை, பெயரையே முன்னால் வைக்க வேண்டும்’ என்று எழுதுகிற பிள்ளைக்கு முழுப் புள்ளி கொடுங்கள்.

அந்தப் பக்கம் வெளிவரும் ஞாயிறு எது என்று ஒரு வாரம் முன்னால் அறிவித்தால் நல்லது. எங்கள் பக்கத்துக் கடைகளுக்குப் பத்திரிகை குறைவாகத்தான் வருகிறது. பிள்ளைகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பதற்கு நான் முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தலவாக்கலை.